புறங்கையால் தொட்டவர்

மின்சாரக் கார் வாங்கியதும், வீட்டில் பொருத்த எந்தச் சார்ஜர் நல்லது என்று மூன்று வாரம் யூடியூபிலேயே கிடந்தேன். கடைசியில் இருப்பதிலேயே பெரியதை வாங்கி வைத்து, மீஞ்சூரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

வந்தவர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் டெஸ்டர். ரப்பர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் முதலில் புறங்கையால்தான் தொட்டார். சுவிட்ச் பெட்டி, ஃபிரிட்ஜ் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினில் மட்டும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இது எத்தினி நாளா ஷாக் அடிக்குது?”

“ரெண்டு வருஷமா. லேசாத்தான்” என்றாள் என் மனைவி.

மெஷினை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். எர்த் கம்பி சுவரோடு இறங்கி, மண்ணைத் தொடாமலே அறுந்து தொங்கியது.

“மொதல்ல எர்த்து போடணும். சார்ஜர அப்பால பாத்துக்கலாம்.”

“நாளைக்கு கும்மிடிப்பூண்டிக்கு டியூட்டி போக கார் வேணுமே” என்றேன்.

அவர் திரும்பி, மெஷின் பக்கத்தில் ஈரத்தரையில் நின்ற என் மனைவியின் கால்களைப் பார்த்தார். “வண்டிக்கு டயர் கீது சார். அவங்க வெறுங்கால்ல நின்னுக்கினு கீறாங்க.”

அன்று முழுக்கக் குழி தோண்டி எர்த் போட்டார். சார்ஜர் மறுநாள்தான் சுவரேறியது.

மெஷின் ஷாக் அடிக்கிறது என்று அவள் என்னிடமும் சொல்லியிருக்கிறாள். ஈரக்கையோடு ஏன் தொடுகிறாய் என்று நான் அவளைத்தான் திட்டியிருக்கிறேன்.