பிழையகராதிக்கு நான் எழுதிய வரி

நீளவாக்கில் தைத்த, பச்சை அட்டை போட்ட நோட்டு அது. முதல் பக்கத்தில் புலவர் ஐயா சிவப்பு மையால் ‘பிழையகராதி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருப்பார். போன வாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறதாம். அவருக்கு வேண்டியவர்கள் குழுவாகச் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்களாம். இந்த நோட்டை முழுதாக அதில் சேர்க்கிறார்களாம். அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் அவருடைய நகைச்சுவை உணர்வைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். எழுதுகிறேன். எழுதியதைப் போடுகிறார்களா, பார்ப்போம்.

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த அந்த அச்சகத்துக்கு அவர்தான் மேனேஜர், அவர்தான் பிழை திருத்துகிறவர். புலவர் என்பது படித்து வாங்கிய பட்டமல்ல, ஊர் வைத்த பெயர். நான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவள். கல்யாணப் பத்திரிகை, பட்டுக்கடைப் பை, உற்சவ நோட்டீஸ், சாவு போஸ்டர் எல்லாம் எங்களிடம் வரும். எழுதிக்கொண்டு வருகிற தாளில் பிழை இருந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குத் தீபாவளிதான். பிழையைத் திருத்திவிட்டு, அந்தப் பிழைச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்து நோட்டில் ஏற்றுவார். ‘வலைகாப்பு: மாப்பிள்ளை தப்பி ஓடாமல் இருக்க மாமியார் வீட்டில் விரிப்பது.’ ‘அன்புடன் அலைக்கிறோம்: மண்டபத்தின் விலாசம் போடாமல் விருந்தாளியை ஊரெல்லாம் சுற்றவிடுவது.’ சிரிப்பு வரும்தான். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். போகப்போக அவரைவிட நான் நன்றாக எழுத ஆரம்பித்தேன். திரையில் பக்கத்துக்கு வெளியே காலி இடம் இருக்கும். அங்கே அடிப்பது அச்சில் வராது. என் கிண்டலை அங்கே அடித்து வைப்பேன், அவர் வந்து படித்துச் சிரித்து நோட்டில் எழுதிக்கொள்வார், பிறகு அழித்துவிடுவேன்.

பட்டுக்கடை முதலாளிகளும் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவார்கள். அதையெல்லாம் சத்தமில்லாமல் திருத்திவிடுவார். நோட்டில் ஏறியவர்கள் எல்லோரும் கிராமத்துக்காரர்கள், அவர்கள் வீட்டில் முதல்முதலாகப் பேனா பிடித்தவர்கள். இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. என் அப்பா எழுதிய கடிதம் ஒன்று அவர் கையில் கிடைத்திருந்தால் தனி நோட்டே போட்டிருப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான்தான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஓர் அம்மா தாமல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். காலனி வீடு. கணவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் போஸ்டர் வேண்டும். கோடு போட்ட தாளில் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். “எங்க வூட்ல எழுதத் தெரிஞ்சவ நாந்தாம்மா. தப்பு கிப்பு இருந்தா பாத்துப் போடுமா” என்றார். ‘கண்ணீர் அஞ்சளி’ என்று எழுதியிருந்தார். நான் திருத்தினேன். திருத்திவிட்டுப் பக்கத்துக்கு வெளியே சின்ன எழுத்தில் அடித்தேன்: ‘அஞ்சளி: அஞ்சு பேருக்கு மட்டும் சோறு அளிக்கும் வீட்டுச் சாவு.’ புலவர் ஐயா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஏம்மா, இது முதல் தரம்” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த அம்மா இரண்டு முழம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், மரியாதைக்குத் தானும் கொஞ்சம் சிரித்தார்.

சாவு போஸ்டருக்கு மட்டும் எங்களிடம் புரூஃபில் கையெழுத்து வாங்கும் வழக்கம் கிடையாது. அவசர வேலை. திரையிலேயே காட்டி முடித்துவிடுவோம். காட்டியபோது அவர், “அவரு மொகம் சின்னதா இருக்குது, கொஞ்சம் பெருசா வைமா” என்றார். நான் திரையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துப் பெரிதாக்கி, மேலே நகர்த்தினேன். முகம் பெரிதானது. அழிக்காமல் விட்டிருந்த அந்த வரியும் பக்கத்துக்குள் வந்து அடியில் உட்கார்ந்துகொண்டது. யாரும் கவனிக்கவில்லை. நூறு போஸ்டர் அடித்துக் கட்டிக் கொடுத்தோம்.

மறுநாள் மத்தியானம் அவரும் அவருடைய கொழுந்தனும் வந்தார்கள். கொழுந்தன் கையில் சுவரிலிருந்து கிழித்த போஸ்டர் இருந்தது. காரியத்துச் சாப்பாட்டைச் சுருக்கமாக முடிக்கலாம் என்று கொழுந்தன் சொல்லியிருந்தாராம், அதில் அண்ணிக்கு மனத்தாங்கலாம். அந்த வரியைப் படித்து ஊரே சிரித்திருக்கிறது. அண்ணிதான் வேண்டுமென்றே எழுதிக் கொடுத்துத் தங்கள் மானத்தை வாங்கிவிட்டார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

“அண்ணி எழுதினு வந்தாங்களா, நீங்களா போட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க சார்” என்றார் கொழுந்தன்.

புலவர் ஐயா மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. “எழுதிக் குடுக்கறதத்தாம்பா அடிப்போம். எங்களுக்கு என்ன வந்தது?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீதானமா டைப் அடிச்ச? நான் அப்டியா எழுதினு வந்தேன்? சொல்லுமா.”

அவர் எழுதிய தாள் என் கீபோர்டுக்கு அடியில் இருந்தது. ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டு யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனபிறகு புலவர் ஐயா டீ வாங்கிக் கொடுத்தார். “இதெல்லாம் பெருசா எடுத்துக்காதம்மா” என்றார். அந்த டீயை நான் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்தத் தாளில் அவருடைய போன் நம்பர் இருந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் அழைக்கத் துணிச்சல் வந்தது. வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னார். போனேன். அரிசி மில்லில் வேலை செய்துகொண்டிருந்தார், முந்தானையெல்லாம் தவிடு. காரியத்தன்று கணவர் படத்துக்கு முன்னால் அவரை உட்காரவே விடவில்லையாம். அடுத்த நாளே இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். நான் நடந்ததைச் சொல்லி அழுது, தாளை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

“நான் எழுதினது எனக்குத் தெரியாதா? எங்கிட்ட இன்னாத்துக்குக் காட்டுற? எங்க கொழுந்தன்கிட்ட போய்க் காட்டு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

மலர்க்குழுவினரே, உங்கள் நோட்டில் அந்த வரி இருக்கிறது. புலவர் ஐயாவின் கையெழுத்து, என்னுடைய வரி. அதைப் படித்துச் சிரிக்கப்போகிறவர்களுக்கு அது யாருடைய சாவு என்பது தெரியட்டும். ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியே தள்ளிய வரியை நகைச்சுவை உணர்வு என்று நான் எழுதித் தர மாட்டேன். சாகும்வரை அந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை வருந்திப் பேசவில்லை.

வேலை போய்விடும் என்ற பயம் அப்போது எனக்கு இருந்தது. இப்போது அந்த வேலையும் இல்லை, அச்சகமும் இல்லை, அவரும் இல்லை. தாள் என் பீரோவில் இருக்கிறது. தாமலுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்கூடக் கிடையாது. நான் இன்னும் போகவில்லை.