அஸர் நேரத்துச் சுவர்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். கல்முனைக்குடியில் என் தங்கச்சிக்கென்று வாப்பா கட்டிய வீட்டில் மேற்குச் சுவரைத் தவிர எல்லாம் முடிந்திருந்தது. முன்பக்கம் பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. மேற்கே மட்டும் சீமெந்துக் கல் வரிவரியாகத் தெரிந்தது. அறுவடை முடிந்ததும் பூசுவோம் என்று வாப்பா ஒவ்வொரு போகத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை. அவருடைய உம்மா விவரமான மனுசி. முன்வாசலை மட்டும் காட்டி ஏமாற்றுகிறவர்கள் கூடிப்போனார்களாம். அதனால் வீட்டின் முன்பக்கமும் மேற்குப் பக்கமும் சேர்ந்து தெரிகிற படம் ஒன்று வேண்டும், மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். கட்டையான மாப்பிள்ளைகளை உயரமாக்கியிருக்கிறேன், முகம் கொடுத்துக் கதைக்காத மச்சான்மாரைத் தோளில் கைபோட வைத்திருக்கிறேன். ஒரு சுவரை மறைப்பதா பெரிய விஷயம் என்று வாயை விட்டேன். போனிலேயே பூசிவிடலாம் என்றேன். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. போனில் பூசினால் பொய்யாம். வெயில் அல்லாஹ் தந்தது, அதை வைத்து எடுத்தால் பொய்யில் சேராதாம்.

ஆகவே ஒரு முழு நாள் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தோம். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, வெயில் ஏறிய பிறகும் சுவர் வீட்டின் நிழலிலேயே கிடந்தது. நிழல் என்றதும் வாப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மெல்லிய வெளிச்சத்தில் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். உச்சியிலிருந்து சரிந்த வெயில் சுவரைச் சுரண்டிக்கொண்டு இறங்க, ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனித்தனியாக எழும்பி நின்றது. முழு வீடும் பூசாதது போலத் தெரிந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், பக்கத்து வளவு மாமரத்தின் நிழல் வேலியைத் தாண்டி வந்து சுவரில் ஏறியது. இலையும் கிளையுமாகப் படர்ந்துவிட்டது. எது கல், எது பூச்சு என்று எனக்கே பிடிபடவில்லை. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் கத்தியோடு மரத்தில் ஏறினார். அந்த மரத்து இலை எங்கள் வளவில் கொட்டுகிறது என்று வருடக்கணக்காக அவரோடு சண்டை பிடித்தது வாப்பாதான். மனிதர் ஒருவழியாக மனமிரங்கி வெட்ட வந்திருக்கிறார். வாப்பா கீழே நின்று, ஒரு கிளையையும் தொட வேண்டாம் என்று கெஞ்சினார். அவர் மரத்திலிருந்தபடியே வாப்பாவை வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஜன்னலில் நின்ற தங்கச்சிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"வந்து பாத்தா தெரியாதா காக்கா? அதுக்குப் பொறகு நான்தானே அவரோட இரிக்கணும்."

உள்ளே போய் வேலையைப் பார் என்றேன். எனக்கு வெளிச்சம் போய்விடும் என்ற அவசரம்.

படம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு வீடு நன்றாகப் பிடித்துவிட்டதாம், அதிலும் மேற்குச் சுவரில் இருக்கும் இலை டிசைன் மிகவும் பிடித்ததாம். அதை அழித்துப் பெயின்ட் அடித்துவிட வேண்டாம் என்று அவருடைய உம்மா, தங்கச்சிக்கு மாமியாகப் போகிறவர், சொல்லி அனுப்பினார். யார் செய்தது என்றும் கேட்டார். வாப்பா அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நம்முடைய ஆள்தான் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் வெளியே வந்தால் இந்தச் சம்பந்தம் முறியும். ஏன் முறிந்தது என்று ஊர் கேட்கும். அந்தப் பழி தங்கச்சியின் தலையில் விழும்.

மாப்பிள்ளை லீவில் வந்தார். அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தோம். மனிதர் லுஹர் முடிந்த கையோடு தனியாக வந்து நின்றார். மேற்குக் கதவைப் பூட்டினோம். சோறு போட்டோம். பிறகு வட்டிலப்பம், பிறகு பழம், பிறகு தேத்தண்ணி. எதற்கும் மறுப்புச் சொல்லாத நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார். வாப்பா மணிக்கூட்டைப் பார்ப்பதும் கட்டாரின் வெக்கையைப் பற்றிக் கேட்பதுமாக இருந்தார்.

கடைசியில் அஸர் பாங்கு கேட்டது. கொஞ்ச நேரத்தில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒழு எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை எழும்பினார். தண்ணீர்ப் பைப் இருந்தது மேற்குச் சுவரோரம். முன்வாசலால் சுற்றிப் போனார். நானும் வாப்பாவும் பின்னால் ஓடினோம். நிழல் சரியாக வந்து ஏறியிருந்தது. வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னார். சொல்லி முடிக்கும் முன்னே மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசியது. சுவரில் இருந்த டிசைன் முழுவதும் ஆடத் தொடங்கியது.

மாப்பிள்ளை முகம் கழுவியபடியே அதைப் பார்த்தார். கையை நீட்டிக் கல்லைத் தடவினார். ஒழுவின்படி கைகளையும் கழுவிவிட்டு, ஈரக் கையால் தலையைத் தடவுவதற்குத் தொப்பியைக் கழற்றினார். நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு முடி இல்லை. ஆடிய இலைகளுக்கிடையே சாய்ந்த வெயில் நேராக அதில் விழுந்து, எனக்குக் கண் கூசியது. சம்பந்தம் பேசும்போது அவர் அனுப்பியிருந்த படம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தது. தலை கறுப்பாக இருந்தது. முடி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இந்தத் தொழில் செய்கிற நானும் நினைத்தேன்.

அவர் சுவரையும் நாங்கள் அவர் தலையையும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜன்னலுக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"காக்கா, இப்பிடியே ஒரு படம் எடுங்க. சுவரும் தெரியணும், அவரும் தெரியணும்."

மாப்பிள்ளை தொப்பியைக் கையில் பிடித்தபடி, நிழல் விழாத மூலையில் போய் நிமிர்ந்து நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எடுத்தேன். கல்லும் தலையும் ஒன்றுவிடாமல் விழுந்திருந்தன. எங்கள் உம்மாவின் போனிலிருந்து தங்கச்சியே அதை மாமிக்கு அனுப்பினாள். நாங்கள் தொழுதுவிட்டு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

மாமியின் பதில் குரல் பதிவாக வந்தது. உம்மா எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

"சுவரப் பூசிப்போட்டு நாளக் குறிங்க. நிக்காஹ் முடியுமட்டும் மகன் தொப்பியக் கழட்டப்படாதெண்டு சொல்லுங்க."

மாப்பிள்ளை அவசரமாகத் தொப்பியை எடுத்துப் போடப் போனார்.

"காக்கா, போட வேணாமெண்டு சொல்லுங்க" என்றாள் தங்கச்சி, உள்ளேயிருந்து.