சின்யே அக்கா திருப்பிக் கொடுக்கப் போன நாய்

கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மேடேறும் எங்கள் சந்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள் சின்யே அக்கா. கீழே ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை என்னுடையது. அவள் படியிறங்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளுக்கு முதுகுவலி எப்படி என்று சொல்லிவிடுவேன்.

விடியுமுன்னே சோயாப்பால் கடையில் பாத்திரம் கழுவப் போவாள். மத்தியானம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் பதினோரு மாடிப் படிகளையும் துடைப்பாள். நடுவில் வீட்டுக்கு வந்து கணவருக்குச் சாப்பாடு ஊட்டி, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். தியென்ஃபூ அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. பேச்சு குழறும், கிண்டல் மட்டும் குழறாது.

நாய் வந்தது அவள் தேடிப் போய் அல்ல. மேட்டுக்கு மேலே அவள் வள்ளிக்கிழங்குக் கீரை போட்டிருந்த துண்டு நிலத்தில், காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த இரும்புப் பொறியில் ஒரு கறுப்பு நாயின் முன்னங்கால் மாட்டிக் கிடந்தது. நாய்க் காப்பகத்துக்கு போன் போட்டாள். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். பத்து மாதம் கழித்துக் காப்பகத்துக் கோ அம்மா கூப்பிட்டாள். மூன்று வீட்டில் கொண்டுபோய், மூன்று பேரும் திருப்பி விட்டுவிட்டார்களாம். குடையைக் கண்டால் அதற்கு வெறி பிடித்துவிடுகிறது. எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் மழை.

"நீங்கதானே கண்டுபிடிச்சீங்க," என்றாளாம் கோ அம்மா. அக்கா போய்க் கூட்டிவந்தாள். வீட்டிலிருந்த குடைகளை என் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொண்டாள்.

கொஞ்சுகிற நாய் இல்லை அது. கையிலிருந்து எதையும் வாங்காது. கிண்ணத்தை வைத்துவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தின்னும். பகலெல்லாம் தியென்ஃபூ அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து, அக்கா செய்கிற ஒவ்வொரு வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"எங்க பழைய மேஸ்திரி மாதிரியே இருக்கு," என்றார் அண்ணன். "அவனும் நொண்டிதான். ஒரு மூட்டை தூக்கமாட்டான். பார்த்துட்டே இருப்பான்."

பெயர் மேஸ்திரி ஆகிவிட்டது. அவருடைய உணர்வில்லாத காலின் மேல் முகவாயை வைத்துத் தூங்கும். தெரிகிறதா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாது. ஆனா பார்க்க நல்லா இருக்கு," என்றார்.

படிதான் பிரச்சினை. மேலே ஏறிவிடும், ஒரு முன்னங்காலை வைத்துக்கொண்டு இறங்க முடியாது. தினம் மூன்று முறை, பதினெட்டு கிலோ நாயை அக்கா தூக்கிக்கொண்டு இறங்கினாள். போன வசந்தத்தில் அண்ணனுக்கு இரண்டாவது முறை வந்து இடது கையும் போயிற்று. அவரைப் புரட்டவே இரண்டு ஆள் வேண்டும் என்ற நிலை. அக்காவின் முதுகைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், இனி எதையும் தூக்கக்கூடாது என்றார்.

"ரெண்டுல ஒண்ணு போயே ஆகணும்," என்றாள் அக்கா, என் கடை முக்காலியில் உட்கார்ந்து.

மேலே போய் அண்ணனிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். "என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு வா. அது கம்மியாத்தான் திங்குது," என்றாராம். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்கப்புறம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் சின்ன வேனில் அக்காவையும் நாயையும் ஏற்றிக்கொண்டு போனேன். மலைச்சரிவில் இருக்கிறது காப்பகம். வழியெல்லாம் நாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது. ஓலமிடும், இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று கையுறை எடுத்து வந்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் தானே இறங்கியது. கூண்டு வரிசையில் விந்தி விந்தி நடந்து நான்காவது கூண்டுக்குப் போய், மூக்கால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. மூலையில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோ அம்மா கூண்டைச் சாத்திவிட்டுப் படிவத்தை நீட்டினாள். "காரணம்னு போட்டிருக்கிற இடத்துல எழுதுங்க. அப்புறம் கையெழுத்து."

அக்கா பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். "எப்பவும் இப்படித்தான் போய்ப் படுத்துக்குமா?"

"முதல் தடவை ராத்திரி பூரா கத்துச்சு. ரெண்டாவது தடவை கதவுகிட்டயே நின்னுச்சு, ரெண்டு நாள். மூணாவது தடவை இப்படித்தான்." கோ அம்மாவின் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அவளுக்கும் நூற்றிருபது நாய், இரண்டே ஆள். "பழகிடுச்சு."

அக்கா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப் போல் கூண்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு, "சுவான், இதோட கதவைத் திற. என்னால எழுந்திருக்க முடியல," என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னா? வீட்டுக்குப் போகத்தான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அரை நாள் வேலை போயிற்று. "திரும்பவும் யாரு தூக்குவா? டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரா வந்து தூக்கப்போறார்? தெரியல. நீ கதவைத் திற."

நாயை வெளியே வரவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பதினைந்து நிமிடம் கூப்பிட்டும் நம்பவில்லை.

சந்துக்குள் வந்து வண்டியை நிறுத்தியபோது நானே கேட்டேன், பகலில் என் கடையில் இருக்கட்டுமா என்று. பெரிய மனசில் கேட்டதல்ல. அவள் அந்தப் படியைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அது டயர் அடுக்குக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குடையோடு வருகிற வாடிக்கையாளர்களிடம், வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று கத்துவது என் வேலையாகிவிட்டது. இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மாலையில் அது தானே மாடியேறி அண்ணனிடம் போய்விடும். காலையில் நான் போய்த் தூக்கிவருகிறேன். போகிற போக்கில் அண்ணனையும் ஒரு கை பிடித்துப் புரட்டுகிறேன். எனக்கும் ஐம்பத்து நான்கு ஆகிறது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றுகொள்வேன். நாயும் என் கையில் அசையாமல் காத்திருக்கும்.