அண்ணன் பேச்சு

என் அண்ணன் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே புரியும். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவன் பேச்சைக் கேட்டுத்தான் நானே பேசக் கற்றேன் என்று அப்பா சொல்வார். மற்றவர்கள் காதில் இழுத்து இழுத்து வரும் வெறும் ஒலியாக விழுந்தது, என் காதில் முழு வாக்கியமாக விழுந்தது.

"ஏட்டி, இவன் என்ன சொல்லுதான்?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"சட்னி வேண்டாமாம். பொடி போதுமாம்."

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து ஜனக்புரியில் தரைத்தள வீடு எடுத்ததே அண்ணனின் நாற்காலிக்காகத்தான். அவன் பிறந்தவுடன் அழவில்லையாம். தலை நிற்கவேண்டிய வயதில் நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். அதை அப்பா எனக்கு இப்படி விளக்கினார்: "மூளையிலேருந்து கை காலுக்குப் போற சேதி வழியிலேயே குழம்பிப் போவுது. இந்த நோவு இனிமே கூடவும் செய்யாது, முழுசா விட்டுப் போகவும் செய்யாது. பழக்கப் பழக்கக் கொஞ்சம் சொன்னபடி கேக்கும். யோசிக்கதுல அவனுக்கு ஒரு குறையும் கிடையாது."

தம்ளரை எடுக்கப் போன கை வேறெங்கோ வீசிக்கொண்டு போகும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் முகமும் சேர்ந்து கோணும். தூங்கும்போது மட்டும் எல்லாம் அடங்கிவிடும்.

குளிர்காலத்தில் அவன் உடம்பு இன்னும் இறுகிப்போகும். அதனால் பகல் வெயிலில் வீட்டுக்கு எதிர்ப் பூங்காவில் பாய் விரித்து, அம்மா அவன் கால்களை நீவி, மடக்கி, நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பேன். அம்மாவின் வாய் ஓயாது. முந்தின நாள் டிவி சீரியலில் மாமியார் செய்த அக்கிரமம், அப்பா ஆபீஸ் சண்டை, பால்காரனின் தண்ணீர்ப் பால் என்று எல்லாம் வரும். அண்ணன் வலியை மறந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "பேச்சாரா", ஐயோ பாவம் என்று அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அண்ணன் ஏதோ சொன்னான்.

"க்யா போல்தா ஹை?" என்று, அவன் சொன்னது என்னவென்று என்னிடம் கேட்டார் ஆன்ட்டி.

'இவங்களுக்கு வேற வேலையே இல்லையா' என்று கேட்டிருந்தான். "நமஸ்தே சொல்றான் ஆன்ட்டி" என்று ஹிந்தியில் சொன்னேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் பாயிலிருந்து உருண்டே போனான்.

ஒன்பது வயதில் ஒருவழியாக அவனைப் பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் பேச்சுப் பயிற்சிக்கும் போனோம். அங்கே இருந்தவர், வீட்டில் ஒரே மொழிதான் பேசவேண்டும், அதுவும் பள்ளி மொழியான ஹிந்திதான், இரண்டு மொழி என்றால் குழந்தை குழம்பிவிடுவான் என்றார். அப்போது பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மா கீழ்ப்படிந்தாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறி வண்டிக்காரரோடு பேசுவதற்கு மட்டுமே போதும். "பானி பியோ", "பைட்டோ", "ஜல்தி கரோ". தண்ணீர் குடி, உட்கார், சீக்கிரம் என்பதற்குமேல் வரவில்லை. பயிற்சியின்போது வாயை மூடிக்கொண்டு காலை நீட்டினாள், மடக்கினாள். அண்ணன் வலிக்கிறது என்று அழத் தொடங்கினான்.

ஒரு நாள் பாயில் படுத்தபடி அவன் என்னிடம் ஒன்று கேட்டான். நான் வழக்கம்போல அதை அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா எதுக்கு எம்மேல கோவமா இருக்கான்னு கேக்கான்."

அம்மா அவன் பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கோவமா? உம்மேலயா? நேத்து அந்தச் சீரியல்ல என்ன ஆச்சுன்னு தெரியுமால உனக்கு?" என்று ஆரம்பித்தாள். பயிற்சி முடியும்வரை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும், "யாரு என்ன சொன்னாலும் சரி, எம்பிள்ளகிட்ட எனக்கு ஹிந்தில பேச முடியாது" என்றாள். அப்பா அங்கே இங்கே விசாரித்து வேறொரு இடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பஞ்சாபிப் பெண். முதல் கேள்வியே, "அம்மா எந்த மொழியில் திட்டுவார்கள்?" என்பதுதான். தமிழில் என்றதும், "அப்போ அதிலேயே பேசுங்க. ரெண்டையும் அவன் கத்துப்பான். அம்மா பேசாம இருக்கறதுதான் அவனுக்குக் கெடுதல்" என்றார். அம்மாவின் முகம் தெளிந்ததை இன்றும் மறக்கவில்லை.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். அவனுக்குப் பதிலாக நான் பேசக்கூடாதாம். நேரமானாலும் அவனே சொல்லி முடிக்கட்டுமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வகுப்பின்போது என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே அண்ணனுக்கு ஹிந்தி எழுத்துகள் ஒட்டிய பலகை. விரல் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டவேண்டும். அவர் ஏதாவது கேட்டால் நான் வெளியிலிருந்தே கத்திப் பதில் சொல்வேன். இப்படிச் சில வாரம் ஓடியது. ஒரு நாள் அவன் வெகு நேரம் போராடி எழுத்துகளைத் தொட்டான். தெரபிஸ்ட் கூட்டிப் படித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு முறை உரக்கப் படித்தார்.

"சும்... மா... இரு? க்யா ஹை யே?"

ஹிந்தி எழுத்தில் தமிழ்! அது எனக்குத்தான். திறந்திருந்த கதவு வழியே பார்த்தால், உள்ளே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்த நானும் கோபத்தை மறந்து சிரித்துவிட்டேன்.

அதன்பிறகு அவன் பேச்சு மெல்ல மெல்ல வெளியே போனது. முதலில் பலகை, பிறகு கம்ப்யூட்டர், இப்போது போன். தட்டினால் அதுவே ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறது. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். வீட்டில் மட்டும் சொந்தக் குரலில் தமிழ். நான் கல்யாணமாகி மயூர் விஹாருக்கு வந்துவிட்டேன். மெட்ரோவில் ஒரே லைன் என்றாலும், மாதம் ஒரு முறை போனால் பெரிது. அந்தப் பூங்கா வெயிலையும் அவன் எனக்காக மட்டுமே பேசியதுபோல் தோன்றிய நாட்களையும் நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் போயிருந்தபோது அவன் சொன்னதில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. வாழ்க்கையில் முதல் முறை. "என்னண்ணா?" என்று திரும்பக் கேட்டேன். தட்டிக் காட்ட அவன் போனை எடுக்கவில்லை. மெதுவாக மறுபடி சொன்னான்.

"தனியா."

ஆபீஸ் நண்பர்களோடு சண்டிகருக்குப் போகிறானாம். அம்மா, அப்பா, நான் யாரும் கூட வரவேண்டாமாம். அம்மா அவனைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவனே பதில் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. உள்ளே போய் அவனுடைய பையில் எந்த ஸ்வெட்டரை வைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.