எட்டாம் தட்டு

ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடி அறையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அக்காவின் வேலை. மூன்று மாதத்துக்கு என்று சொல்லிச் சேர்த்தார்கள். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இயக்குநர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்த வருடம் அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் பன்னிரண்டு வகைப் பயறுகளை வகைக்கு ஒரு தட்டாக விதைத்திருந்தார். தண்ணீர் இல்லாமல் எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எட்டாம் தட்டு கதவோரம் இருந்ததால் ரோட்டுத் தூசியெல்லாம் அதன் தலையில்தான். அக்காவுக்குத் தூசியைக் கண்டாலே ஆகாது. தினமும் காலையில் அந்தத் தட்டின் ஒவ்வோர் இலையையும் விரலால் துடைத்துவிடுவாள்.

"நம்ம வீட்டு ஜன்னல் தூசியில பேரே எழுதலாம். இவ அங்க இலைக்கு முகம் துடைச்சுக்கிட்டு இருக்கா" என்பார் அவள் கணவர்.

ஒருநாள் தண்ணீரை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் பதினொரு தட்டுகள் துவண்டு கிடந்தன. எட்டாம் தட்டு மட்டும் குட்டையாக, தண்டு தடித்து, எனக்கென்ன என்று நின்றது. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. விதைத் துறை அதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டினார்.

"எல்லாத் தட்டுக்கும் ஒரே மண்ணு, ஒரே வெளிச்சம், ஒரே கவனிப்பு. வித்தியாசம் விதையில மட்டும்தான்."

அடுத்த பருவத்திலேயே வறண்ட நிலங்களுக்கு இந்த விதையைக் கொடுத்துவிடலாம் என்றார்கள் அதிகாரிகள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பகீரென்றது. ஒரே கவனிப்பா? சொன்னால் மேடத்தின் ஒரு வருட உழைப்பு மண்ணாகும், தன் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. யார் உன்னைத் துடைக்கச் சொன்னது என்று மதியம் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தினமுமாக்கா?"

"ஞாயித்துக்கிழமை லீவு மேடம்."

"நாம தொட்டா செடிக்குக் காத்து அடிச்ச மாதிரிக்கா. உடனே உள்ளுக்குள்ள வேற மாதிரி ஹார்மோன் சுரக்கும். உயரமா வளர்றதை விட்டுட்டு, தண்டைக் கெட்டியாக்கிக்கும். அப்புறம் தண்ணி இல்லேன்னாலும் கொஞ்சம் தாங்கும்."

அதே விதையை மறுபடி இரண்டு தட்டுகளில் விதைத்தார்கள். ஒன்றை அக்கா தினமும் துடைத்தாள். மற்றதன் பக்கம் விரல்கூடப் போகவில்லை. தண்ணீர் நிறுத்திய ஒன்பதாம் நாள், தொட்டது நின்றது. தொடாதது சுருண்டுவிட்டது. அக்காவுக்கு அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"என்னாலதானே மேடம் உங்க ஒரு வருஷம் வீணாப்போச்சு."

விதை வேண்டாம் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மேடத்தின் முகமும் வாடித்தான் இருந்தது.

"வருஷம் போனாப் போகட்டும். நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, இந்நேரம் இதை ஏக்கர் கணக்குல விதைக்கக் கொடுத்திருப்பாங்க. அங்க யாரு அக்கா தினம் துடைச்சுவிடுவா?"