முனுசாமி திரும்பி வராத கதை

தலைவழியே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைபேசியில் கதையைப் பேசிப் பதியும் அண்ணிதான் முதலில் நினைவுக்கு வருகிறார். பொன்னேரிப் பக்கத்துக் கோட்டைக்குப்பத்தின் கடற்காற்று இரைச்சலை அடக்க எங்களுக்கு வேறு ஸ்டுடியோ ஏது? நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு தொடர்கதையைக் குரலில் பதிந்து இணையத்தில் விட்டுவந்தோம். கற்பனைக் குப்பம் ஒன்று. அங்கே கடலுக்குப் போய்த் திரும்பாத முனுசாமி. அவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. ஊரை ஒட்டிய ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடுவதை எங்கள் பக்கம் 'பாடு' என்பார்கள். கதை எழுதும் முறைக்கும் அதையே பெயராக வைத்தோம். உன் முறை வந்தால் உன் வலையைப் போடு, ஆனால் இடம் எல்லாருக்கும் பொது.

"உன் பாடு வந்தா இன்னா வேணா எழுதிக்கோ. முனுசாமி மட்டும் திரும்பி வரக் கூடாது, பொணமாவும் கெடைக்கக் கூடாது. ரெண்டுல எது நடந்தாலும் கதை முடிஞ்சிச்சு" என்று அண்ணி விதி போட்டார். முதலில் கைதட்டியது என் அண்ணன்தான். பெண்டாட்டி எழுதுவதில் அவனுக்கு அத்தனை பெருமை.

பிறகு ஒரு வாடைக்காற்று நாளில் அண்ணன் கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

அண்ணி சொன்ன வாக்கு பலித்துவிட்டது என்று குப்பத்தில் பேசினார்கள். ஆபீஸ் வேலைக்குப் போகிறவள் நான், இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் அந்தக் கதையைத் தொடவே பயமாக இருந்தது. அண்ணி நிறுத்தவில்லை. அம்மா மகனுக்குத் தினமும் சோறு எடுத்துவைப்பாள்; அண்ணி பூவும் பொட்டுமாக அருகில் இருப்பார். அவன் போய்விட்டான் என்று சொல்லும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

என் பாடு வந்தபோது முனுசாமியை உயிரோடு கரை சேர்த்தேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது! கதையிலாவது ஒருவன் வீடு திரும்பட்டும் என்று இருந்தது. அண்ணி பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கீற. ஆனா அவன் வந்துட்டா, எம் புருஷன் ஏன் வரலன்னு நான் யாராண்ட போய்க் கேக்குறது?"

அந்தப் பகுதியை அழித்தேன்.

போன வாரம் அண்ணியின் பாடு. சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில், பொன்னேரி வருவதற்குள் கேட்டு முடித்தேன். முனுசாமி வரவில்லை. பிணமும் கிடைக்கவில்லை. விதியை அண்ணி துளியும் மீறவில்லை. அவன் மனைவி மட்டும் பங்காளிகளைக் கூப்பிட்டு, அவனுடைய கருமாதிக் காரியத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள். இப்படி ஒரு வழி இருப்பது எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. உடனே போன் போட்டேன்.

"இன்னா அண்ணி இது?"

"நேரா வூட்டுக்கு வா. அத்தை இன்னும் கேக்கல. நீ வந்தப்பறம்தான் போட்டுக் காட்டணும். நம்ம வூட்டுலயும் நாள் பாக்கணும்னு அவங்ககிட்ட வாயால சொல்ல எனக்கு வரல. நீ அவங்க பக்கத்துல குந்திக்கோ."