பாட்டுக்காக வந்த வெற்றிலைத் தட்டு

சின்னதம்பிக்கு ஊர்க்கவுண்டர் பட்டம் அவர் அப்பாவிடமிருந்து வந்தது. கூடவே தலைவலியும் வந்தது. வரப்பை நகர்த்தியவன், அடுத்தவன் பக்கம் சாய்ந்த கிளையில் பலாப்பழம் பறித்தவன், ஆட்டைக் கொல்லையில் விட்டுவிட்டுத் தூங்கப்போனவன் என்று எல்லாப் பஞ்சாயத்தும் அவர் வாசலுக்குத்தான் வரும். சம்பளம் கிடையாது. நிம்மதியாக ஒரு வாய் கூழ் குடிக்க முடியாது.

புதூர்நாட்டுக்கு மேலே இருக்கும் அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வழக்கோடு வருகிறவன் வெற்றிலை பாக்கு வைத்த தட்டை ஊர்க்கவுண்டர் முன்னால் இறக்கிவிட்டால், தீர்ப்புச் சொல்லாமல் அவர் தப்பிக்க முடியாது. தட்டு தரையைத் தொடுவதற்கு முன்னால் "வேணாம், எடுத்துனு போ" என்று சொல்லிவிடலாம். தொட்டுவிட்டால் முடிந்தது கதை.

அன்றைக்குக் காலையில் சின்னதம்பி தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொல்லையில் சாமை முற்றித் தலை சாய்ந்துவிட்டது. மேற்கே மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது. பின்னால் ணங் என்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் இன்னொரு ணங். இரண்டு தட்டுகள்.

ஒரு தட்டுக்குப் பின்னால் அவர் தங்கை புருஷன் தனசேகரன். இன்னொன்றுக்குப் பின்னால் ராஜாக்கண்ணு. தனசேகரன் மகள் அன்பரசிக்கும் ராஜாக்கண்ணு மகன் கோகுல்ராஜுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். பத்திரிகை மலை முழுக்கப் போய்விட்டது.

"இன்னா மச்சான் காலங்காத்தால?"

"வழக்கு."

"யாரு மேல?"

தனசேகரன் சம்பந்தியைக் காட்டினான். சம்பந்தி தனசேகரனைக் காட்டினான்.

சின்னதம்பி முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "பையன் ஏதாச்சும் பண்ணிட்டானா?"

"பையன் தங்கம். அவன் அப்பனுக்குத்தான் காது சரியில்ல," என்றான் தனசேகரன். "உலகத்துலயே பெரிய பாட்டு எதுன்னு அந்தாளக் கேளு."

சின்னதம்பி அரிவாளைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அது கையில் இருப்பது நல்லதில்லை என்று பட்டது.

நடந்தது இதுதான். முந்தின நாள் இரண்டு பேரும் முகூர்த்தப் புடவை எடுக்க ஜீப்பில் திருப்பத்தூர் கிளம்பியிருக்கிறார்கள். பாதி மலை இறங்கும்போது டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டிருக்கிறான். படகுக்காரன் ஆற்றில் தனியாகப் பாடிக்கொண்டு போகும் பாட்டு. ஓடப்பாட்டு என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். "உலகம் இருக்கிற வரைக்கும் இதுக்கு மேல ஒரு பாட்டு கெடையாது. கல்யாணத்துல மைக்செட்டுல மொதப் பாட்டு இதான்," என்றிருக்கிறான் தனசேகரன். "கல்யாணத்துல ஒப்பாரி வெப்பியா? எந்தக் காலத்துலயும் ஊஞ்சப்பாட்டுதான் பெருசு," என்றிருக்கிறான் ராஜாக்கண்ணு. அது கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடுவது. பேச்சு முற்றி, இரண்டு பேரும் நடுவழியில் இறங்கி, ஆளுக்கொரு பக்கமாக மலையேறி வந்துவிட்டார்கள். புடவை கடையிலேயே இருக்கிறது.

"மொதல்ல பாட்டு முடிவாவட்டும். அப்பால கல்யாணம்," என்றான் ராஜாக்கண்ணு.

"நானும் அதத்தான் சொல்றேன்," என்றான் தனசேகரன். அந்த ஒன்றில் மட்டும் சம்பந்திகள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் பலாமரத்தடியில் ஊர் கூடியது. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அறுப்புக்குப் போய்விடலாம் என்று சின்னதம்பி நினைத்தார். ஊருக்கு வாய் இருப்பதை மறந்துவிட்டார்.

"எங்கப்பா செத்த அன்னிக்கு ரேடியோவுல ஓடப்பாட்டுதான் போச்சு," என்றாள் முத்தம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதுக்கும் பாட்டுக்கும் இன்னா சம்பந்தம்? அன்னிக்கு நியூஸ் போயிருந்தா நியூஸ் பெருசா?" என்றான் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன்.

ஊர்ப் பையன் அருண்ராஜ் செல்லை ஆட்டினான். "ஊஞ்சப்பாட்ட ஆறு கோடி பேரு பாத்துருக்கான். வேணும்னா தண்ணி டேங்காண்ட வாங்க, சிக்னல் இருக்கு, காட்றேன்."

"ஆறு கோடி பேரும் உங்க வூட்டு மொய் விருந்துக்கு வர்றாங்களா?"

பாதிப் பேர் தண்ணீர் டேங்கைப் பார்த்துக் கிளம்பினார்கள். அவர்களைத் திரும்ப இழுத்துவந்து உட்கார வைக்கவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சின்னதம்பி ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "நீங்க பொண்ணுக்குத் தாய்மாமன். உங்க மச்சான் பாட்டத்தான் சொல்லுவீங்க," என்றான் ராஜாக்கண்ணு. சரி, ஊஞ்சலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தால் கூட்டத்திலிருந்து தங்கை பூங்கோதை முறைத்தாள்.

சின்னதம்பிக்கு ஓடமும் வேண்டாம், ஊஞ்சலும் வேண்டாம். மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"யோவ், ரெண்டு பேரும் எழுந்து நில்லுங்கய்யா. அவ்ளோ பெரிய பாட்டுன்னா பாடுங்க. செல்லு இல்லாம. மொதல்லேந்து கடைசி வரைக்கும்."

தனசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். முதல் இரண்டு வரி கணீரென்று வந்தது. மூன்றாவது வரியில் ஓடம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் "ம்ம் ம்ம்" என்று முனகிக்கொண்டே கரையைத் தேடினான். ராஜாக்கண்ணு அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்தான். பல்லவியை நான்கு தரம் பாடினான். ஐந்தாவது தரம் ஆரம்பித்தபோது கூட்டமே உட்காரச் சொன்னது.

"இதான் தீர்ப்பு," என்றார் சின்னதம்பி. "பாட்டு முழுசாத் தெரியாதவன் அது பெருசு, இது பெருசுன்னு வாயத் தொறக்கக் கூடாது. ரெண்டும் முழுசாத் தெரிஞ்சவன்தான் எது பெருசுன்னு சொல்லலாம். கல்யாணம் குறிச்ச நாள்ல நடக்கும்."

ஊர் தலையாட்டியது. அப்பா இருந்திருந்தால்கூட இப்படி ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிவதற்குள் நிமிர்ந்த முதுகு கூனிவிட்டது.

சாமைக் கொல்லைக்கு மேல்பக்கம் தனசேகரன் நிலம். கீழ்ப்பக்கம் ராஜாக்கண்ணு நிலம். கோழி கூவும்போதே மேலிருந்து ஓடம் புறப்பட்டது. கீழிருந்து ஊஞ்சல் கிளம்பியது. தீர்ப்பை இரண்டு பேரும் பரீட்சையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். செல்லில் ஒரு வரி கேட்பான், நிறுத்துவான், அதைப் பத்து முறை கத்துவான். தப்பு வந்தால் திரும்ப முதலிலிருந்து. நடுவில் குனிந்து அரிவாள் போட்டுக்கொண்டிருந்த சின்னதம்பிக்கு இரண்டு காதிலும் இரண்டு பாட்டு இறங்கியது. சாமி ஆடுகிறவன் மாதிரி வரப்பில் நின்று கத்திப் பார்த்தார். "நீதான மச்சான் முழுசாப் பாடச் சொன்ன," என்று மேலிருந்து பதில் வந்தது.

வீட்டில் வந்து புலம்பினால் அவர் பெண்டாட்டி ராணியம்மாள் சோற்றைப் போட்டபடியே, "நேத்து நெஞ்ச நிமித்தினு வந்தியே, அப்பவே நெனச்சேன்," என்றாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். சின்னதம்பி முற்றத்தில் சாமை கொட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி ணங் என்றது. இந்த முறை தட்டுக்குப் பின்னால் அன்பரசி நின்றாள்.

"உனக்கு இன்னாம்மா வழக்கு?"

"மூணு பேரு மேல மாமா. எங்கப்பா, மாமனாரு, நீ."

"நான் இன்னா பண்ணேன்?"

"நீதான தீர்ப்பு சொன்ன? அங்க பந்தலுக்கு ஒரு கொம்பு நடல. மாமனாரு ரெண்டாவது சரணத்துல நிக்கறாராம். எங்கப்பாவ அரிசி வாங்கினு வரச் சொன்னா ஓடத்துல ஏறினு போறாரு. புடவை இன்னும் கடையிலதான் கெடக்குது. இப்டியே போனா நானும் அவரும் பஸ் ஏறிப் போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுனு வந்துருவோம். அப்பால நீங்க மூணு பேரும் ஊஞ்சல்ல ஒக்காந்து ஓடம் ஓட்டுங்க."

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. தாய்மாமன் இல்லாமல், ஊர் இல்லாமல், தங்கை மகள் ஏதோ ஒரு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். கை சாமையிலேயே நின்றுவிட்டது.

"உனக்கு இன்னா தீர்ப்பு வேணும்?"

"மைக்செட்டு வேணாம். மேளம் மட்டும். கல்யாணம் முடியற வரைக்கும் எவனும் பாடக் கூடாது, பாட்டப் பத்திப் பேசவும் கூடாது."

மைக்செட் இல்லாத கல்யாணத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. அடுத்த மலையில் இருப்பவனுக்குக் கல்யாணம் நடப்பது எப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். கேட்டது. சின்னதம்பி அசையவில்லை. மச்சானை ஒரு கையிலும் சம்பந்தியை ஒரு கையிலும் பிடித்து, டிரைவரிடம் ஒரு பாட்டும் போடக்கூடாது என்று சொல்லி, அவரே ஜீப்பில் ஏற்றிப் போய்ப் புடவையை எடுத்துவந்தார். அன்று மாலையே பந்தல் எழும்பியது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அன்பரசி கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்தபிறகுதான் சின்னதம்பிக்கு மூச்சு வந்தது. சாமையும் வீடு வந்துவிட்டது, மருமகளும் கரை சேர்ந்துவிட்டாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சாம்பார் வாளியைத் தூக்கிப் பந்தியில் இறங்கினார். மனசு லேசாக இருந்தது. வாய் தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தது.

தனசேகரனும் ராஜாக்கண்ணுவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ராஜாக்கண்ணு தலையைத் தூக்கினான். பிறகு தனசேகரன்.

"ஊர்க்கவுண்டரே," என்றான் ராஜாக்கண்ணு மெதுவாக. "ஊஞ்சப்பாட்டு, மூணாவது சரணம். ஒரு வார்த்தை தப்பல."

"ஓடப்பாட்டும் தெரியுமா மச்சான்?" என்றான் தனசேகரன்.

"தெரியாம இருக்குமா? நாள் முழுக்க ரெண்டையும் காதுல ஊத்தனீங்களே," என்று சொல்லிவிட்டார் சின்னதம்பி. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

"ரெண்டும் முழுசாத் தெரிஞ்ச ஆளு ஊர்லயே நீதான். தாலியும் ஏறிட்ச்சி. நீ சொல்லலாம். உன் தீர்ப்புதான் அது."

தனசேகரன் சோற்றுக் கையோடு எழுந்தான். பந்தல் வாசலில், வந்தவர்களுக்கென்று வெற்றிலைத் தட்டு வைத்திருந்தது. மணவறையிலிருந்து அன்பரசி பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதம்பி வாளியை இறக்கிவிட்டு, அந்த வயதில் ஓடக்கூடிய ஓட்டம் ஓடி, மச்சான் கை படுவதற்குள் தட்டைப் பறித்துக்கொண்டார். இருந்த வெற்றிலையில் பாதியை ஒரே சுருட்டாகச் சுருட்டிப் பாக்கோடு வாயில் திணித்தார். மீதியை மடியில் கட்டிக்கொண்டார்.

"துப்பிட்டுச் சொல்லுங்க," என்றான் ராஜாக்கண்ணு.

சின்னதம்பி தலையை ஆட்டி மறுத்தார். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். பொழுது சாயும்வரை அவர் துப்பவில்லை.